பசும்புல் பரம்பரை – பகுதி 12: நான்கு முறை இரண்டாமிடம்

சென்ற வாரம் வரை…

1964இல் டெல்லியில் முதல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. அதைத் தொடங்கிவைக்கப் பெரிதும் பாடுபட்ட ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சனே முதல் கோப்பையையும் வென்றார். மறு ஆண்டே பில்லூ சேத்தி என்ற இந்தியர், அதுவும் காசுக்கு ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரர், எல்லோரையும் முந்திக் கோப்பையைத் தூக்கினார். அதன்பின் 26 ஆண்டுகள் அது இந்தியர் கைக்கு வரவே இல்லை.

1991இல் அந்த வறட்சியை முடித்துவைத்தவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர்களின் மட்டைப்பையைச் சுமந்து வளர்ந்தவர். 1993இல் மீண்டும் வென்றார். அவர் திறந்த வழியில் 1998இல் கல்கத்தாவின் ஃபெரோஸ் அலி, 2002இல் லக்னோவின் விஜய் குமார், 2009இல் பெங்களூரின் முனியப்பா என்று பை சுமந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள்.

இவர்களோடு சேரவேண்டிய இன்னொருவர் இருந்தார். அவருக்கு மட்டும் கதவு திறப்பதும் முகத்துக்கு நேரே மூடுவதுமாக இருந்தது. ஒரு முறையல்ல, நான்கு முறை.

* * *

டாலிகஞ்சில் பிறந்த ஆட்டம்

ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழைய கோல்ஃப் கிளப் அதுதான். தெற்குக் கல்கத்தாவின் டாலிகஞ்சில் இருக்கும் அதன் மைதானம் மேடுபள்ளம் அதிகமில்லாத சமவெளி. இடையிடையே குளங்கள். பந்து கொஞ்சம் திசை தவறினாலும் தண்ணீருக்குள் போய்விடும்.

அந்த மைதானத்தின் புல்லைப் பராமரிக்கும் ஊழியர்களில் ஒருவரின் மகன் சிவ் சங்கர் பிரசாத் சௌரசியா. ஆட்ட உலகில் எஸ்.எஸ்.பி. சௌரசியா. பிறந்தது 1978 மே 15.

கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்தக் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

குழியைச் சுற்றி இருக்கும் பகுதிக்கு கிரீன் என்று பெயர். அங்கே புல்லை அரை சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறைவாக ஒட்ட வெட்ட வேண்டும். முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே தொடங்கிவிடுவார்கள். பனி ஈரத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எல்லோரும் மிதித்தால் புல் செத்துவிடும் என்பதால் பழைய குழியை மண்ணோடு அடைத்துவிட்டு வேறோர் இடத்தில் புதுக் குழி வெட்ட வேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். ஒரு பந்தும் அதன்மேல் ஒன்றரைப் பந்து இடமும், அவ்வளவுதான்.

புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, தண்ணீர் விட்டால் எந்தப் பக்கம் ஓடுகிறது, வெயில் ஏறினால் பந்து எவ்வளவு வேகமாக உருளும் என்பதெல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குக் கண்ணிலும் காலிலும் பழகிப்போன விஷயங்கள். காசு கொடுத்துப் பயிற்சியாளரிடம் போகிறவர்கள் பல ஆண்டுகள் செலவழித்துக் கற்பதும் இதைத்தான்.

சௌரசியாவுக்குப் பயிற்சியாளர் யாரும் கிடையாது. பத்து வயதுவாக்கில் மட்டையைத் தொட்டார். உறுப்பினர்களின் பையைச் சுமந்தார். அவர்கள் அடிப்பதைப் பார்த்தார். தானே அடித்துப் பார்த்துக்கொண்டார்.

பை சுமப்பது லேசான வேலை இல்லை. 14 மட்டைகள்வரை அடங்கிய பை அது. ஒரு சுற்றுக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான்கு நாள் போட்டி என்றால், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் புறப்பட்டு துறையூர் சாலையில் திருவெள்ளறைக்குப் போய், பாதி வழி திரும்பி வந்த தூரம். அந்தச் சுமையோடு நடந்தவர்களுக்குக் கிடைத்த ஒரே லாபம், ஒவ்வொரு அடியையும் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு. இன்ன இடத்தில் இன்ன மட்டையை எடுத்தால் என்ன ஆகும் என்ற பாடத்தை அவர்கள் அடுத்தவர் தவறுகளிலிருந்தே படித்தார்கள்.

1997இல் சௌரசியா தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். வயது 19.

* * *

நீள அடியும் குட்டை அடியும்

கோல்ஃப் கணக்கு எளிமையானது. 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் பெயர் பார். அதைவிட ஓர் அடி குறைத்து முடித்தால் பேர்டி. ஓர் அடி கூடினால் போகி. நான்கு நாளில் 72 குழிகளையும் முடித்து, மொத்தத்தில் குறைந்த அடிகள் எடுத்தவர் சாம்பியன்.

இதில் பந்தை முந்நூறு கஜத்துக்கு மேல் பறக்கவிடும் பலசாலிகள் ஒரு வகை. சௌரசியா அந்த வகை இல்லை. குட்டையான உடல்வாகு. முதல் அடியில் மற்றவர்களைவிடப் பத்திருபது கஜம் பின்தங்குவது அவருக்கு வாடிக்கை.

ஆனால் கிரீனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். புல்லுக்குள் புதைந்த பந்தைச் சின்ன வீச்சில் எழுப்பிக் குழிக்குப் பக்கத்தில் இறக்குவார். மிச்சமிருக்கும் ஐந்தாறு அடி தூரத்தை ஒரே உருட்டலில் முடிப்பார். அந்தக் கைவரிசையைப் பார்த்து சக ஆட்டக்காரர்கள் அவருக்கு ‘சிப்புட்சியா’ என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். (சிப் என்றால் அந்தச் சின்ன வீச்சு, புட் என்றால் உருட்டல்.)

புல்லை வெட்டியவரின் மகன் புல்லின்மேல் ஆடும் ஆட்டத்தில் தேர்ந்தவர் ஆனார். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பெரிய மட்டைகளை மணிக்கணக்காக வீசிப் பழக அந்தப் பிள்ளைகளுக்கு இடமும் நேரமும் கிடைப்பது அரிது. ஒரு பழைய மட்டையும் ஒரு பந்தும் நாலு முழ இடமும் இருந்தால் போதும் என்ற ஆட்டம்தான் அவர்களுக்கு வாய்க்கும். கிடைத்ததை வைத்துக் கற்றார்கள். கற்றதில் கரை கண்டார்கள்.

* * *

முதல் இரண்டு முறை

1999. தொழில்முறைக்கு வந்து இரண்டே ஆண்டுகள். இந்தியன் ஓப்பனில் சௌரசியா இரண்டாமிடம். கோப்பை இன்னொரு வங்கத்து ஆட்டக்காரரான அர்ஜுன் அட்வாலுக்குப் போனது. இருபத்தொரு வயதுப் பையனுக்கு அது தோல்வியாகவே தெரிந்திருக்காது. இன்னும் எத்தனையோ ஆண்டுகள் கைவசம் இருந்தன.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2006. மீண்டும் இரண்டாமிடம். இந்த முறை கோப்பை ஜோதி ரந்தாவாவுக்கு. மறு ஆண்டும் ரந்தாவாவே வென்றார்.

ரந்தாவா, அட்வால், ஜீவ் மில்கா சிங். இந்த மூவரும் அந்தக் காலகட்டத்தில் இந்திய கோல்ஃபின் முகங்கள். உலகின் பெரிய மைதானங்களில் ஆடினார்கள். சௌரசியாவின் பெயர் உள்ளூர்ப் போட்டிகளின் பட்டியலில் மட்டும் முதலில் வந்துகொண்டிருந்தது.

அதை மாற்றியது 2008 பிப்ரவரி.

* * *

டெல்லியில் ஒரு திருப்பம்

ஐரோப்பாவின் தொழில்முறைப் போட்டித் தொடரான ஐரோப்பிய டூர் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது. டெல்லி கோல்ஃப் கிளப்பில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டி. மொத்தப் பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். இந்திய மண்ணில் அதுவரை யாரும் காணாத தொகை.

டெல்லி கோல்ஃப் கிளப் மைதானத்தைப் பற்றி முந்தைய பகுதிகளில் சொல்லியிருக்கிறேன். நகரின் நடுவே, ஹுமாயூன் கல்லறைக்கும் லோதி தோட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பழைய கல்லறை மண்டபங்களைச் சுற்றி விரிந்து கிடக்கிறது. மயில்கள் நடமாடும். பந்து பறக்கும் பாதையின் இருபுறமும் முள்மரங்களும் புதர்களும் சுவர்போல நிற்கும். 1976–77இல் அதைத் திருத்தி அமைத்தவர், முதல் இந்தியன் ஓப்பனை வென்ற அதே பீட்டர் தாம்சன்.

அங்கே பலசாலியின் நீள அடிக்கு மரியாதை குறைவு. முந்நூறு கஜம் போய் முள்ளுக்குள் விழுந்தால் பந்தைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. இருநூற்றைம்பது கஜம் போனாலும் நடுவில் கிடக்கும் பந்துக்கு அங்கே மதிப்பு அதிகம்.

சௌரசியாவுக்காகவே செய்துவைத்த மைதானம் என்று சொல்லலாம்.

வந்திருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பலர் அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அயர்லாந்தின் டேமியன் மெக்ரேனை இரண்டு அடிகளில் முந்தி அவர் கோப்பையை வாங்கினார். ஐரோப்பிய டூரில் வென்ற மூன்றாவது இந்தியர். அவருக்கு முன்னால் அட்வாலும் ஜீவும் மட்டுமே.

2011இல் குருகிராமின் டி.எல்.எஃப். மைதானத்தில் அவந்தா மாஸ்டர்ஸ். அங்கும் வெற்றி.

ஆக, பணமும் பெயரும் வந்துவிட்டன. வெளிநாட்டு மைதானங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் சொந்த நாட்டின் பெயரைத் தாங்கிய கோப்பை மட்டும் வரவில்லை. அலி ஷேரும் ஃபெரோஸ் அலியும் விஜய் குமாரும் முனியப்பாவும் பெயர் பொறித்த அந்தக் கோப்பையில் அவருக்கு இடமில்லை.

* * *

மூன்றாம் முறை: டாக்காவிலிருந்து வந்தவர்

2013. டெல்லியில் இந்தியன் ஓப்பன். இந்த முறை குறுக்கே நின்றவர் அண்டை நாட்டுக்காரர்.

வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான், டாக்காவின் குர்மிடோலா கோல்ஃப் கிளப்பில் பந்து பொறுக்கும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 2010இல் புருனே ஓப்பனை வென்று, ஆசிய டூரில் வென்ற முதல் வங்கதேசத்தவர் ஆனார். சௌரசியா ஏறிவந்த அதே ஏணியில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஏறிவந்தவர் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது சித்திகுர் ஒரே ஓர் அடியில் முன்னால் இருந்தார். இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருவர். ஒருவர் சௌரசியா. இன்னொருவர் அனிர்பன் லாஹிரி.

இந்த இரண்டாவது பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

லாஹிரி யார்?

1987இல் புனேயில் பிறந்தவர். தந்தை ராணுவ மருத்துவர். தந்தையோடு ராணுவ மைதானங்களுக்குப் போய் எட்டு வயதில் மட்டை பிடித்தவர். முறையான பயிற்சி, தியானம், உடற்பயிற்சி என்று திட்டமிட்டு வளர்ந்தவர். சௌரசியாவைவிட ஒன்பது வயது இளையவர்.

இந்தக் கதையில் லாஹிரியை வில்லனாகப் பார்க்கக்கூடாது. ராணுவக் குடியிருப்புகளின் புல்வெளிகள் ஒரு தலைமுறைக்கு இந்த ஆட்டத்தைத் திறந்துவிட்டன. பை சுமப்பவர்களின் கொட்டகை இன்னொரு தலைமுறைக்குத் திறந்துவிட்டது. இந்திய கோல்ஃபுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒரு வாசல் வழியாக வந்தவரும் மறு வாசல் வழியாக வந்தவரும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

2014இல் இந்தியன் ஓப்பன் நடக்கவில்லை. அது 2015 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு முதல் ஐரோப்பிய டூரும் இதில் சேர்ந்துகொண்டது. பரிசுத் தொகை 15 லட்சம் டாலர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும் தரமும் உயர்ந்தன.

லாஹிரி அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மலேசியன் ஓப்பனை வென்று, சூடு ஆறாத நிலையில் டெல்லிக்கு வந்திருந்தார்.

* * *

2015 பிப்ரவரி 22, ஞாயிறு

மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது நிலவரம் இது. முதலிடத்தில் சௌரசியா. லாஹிரி அவருக்கு ஏழு அடிகள் பின்னால்.

ஏழு என்பது கோல்ஃபில் சாதாரண இடைவெளி இல்லை. பாக்கி இருப்பது 18 குழிகள். பின்னால் இருப்பவர் நன்றாக ஆடினால் மட்டும் போதாது, முன்னால் இருப்பவரும் சறுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

அது சௌரசியாவின் மைதானம். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்திய மைதானம். எந்தப் புதர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். டெல்லிக்காரர்கள் அவருடைய வெற்றியைப் பார்க்கவே அன்று வந்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது.

முன்னணியில் இருப்பவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. துரத்துகிறவர் எதையும் முயன்று பார்க்கலாம், இழப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. முன்னால் இருப்பவர் வைத்திருப்பதைக் காப்பாற்ற நினைக்கிறார். காப்பாற்ற நினைத்ததும் வீச்சு சுருங்குகிறது. சுருங்கிய வீச்சு பந்தைப் பாதையின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. டெல்லியில் ஓரம் என்றால் முள்.

ஒரு போகி. பிறகு இன்னொன்று. கையில் இருந்த இருப்பு கரையத் தொடங்கியது.

முன்னால் போன குழுவில் லாஹிரி நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார். அன்று அவர் செய்தது மாயாஜாலம் எதுவும் இல்லை. பாருக்கு இரண்டு அடிகள் குறைவாக, 69 அடிகளில் சுற்றை முடித்தார். மொத்தம் 277. முடித்துவிட்டு மற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்று காத்திருந்தார்.

சௌரசியா 76 அடிகள் எடுத்தார். பாருக்கு ஐந்து கூடுதல். அவர் மொத்தமும் 277.

லாஹிரி குறைத்தது இரண்டு. சௌரசியா கூட்டியது ஐந்து. ஏழு அடி இடைவெளி ஒரு பொழுதுக்குள் துல்லியமாகத் தீர்ந்துபோனது.

இனி பிளே-ஆஃப். இருவரும் 18ஆவது குழியை மறுபடி ஆட வேண்டும். யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்கே கோப்பை.

நான்கு நாள் ஆடி, 71 குழிகளில் முன்னால் நின்றிருந்தாலும் இப்போது அதற்கு மதிப்பில்லை. எல்லாம் ஒரே குழிக்கு வந்து நின்றது.

லாஹிரி பேர்டி போட்டார். சௌரசியாவால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

நான்காம் முறை. மீண்டும் இரண்டாமிடம்.

* * *

அந்த ஓராண்டு

வயது 36 முடிந்து 37 நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் முறை இரண்டாமிடம் வந்தபோது 21. இடையில் 16 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவரோடு ஆடத் தொடங்கியவர்களில் பலர் ஒதுங்கிவிட்டார்கள்.

நான்கு தோல்விகளும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1999இல் தோற்றது அனுபவக் குறைவால். 2006இல் எதிரில் இருந்தவர் உச்சத்தில் இருந்த ரந்தாவா. 2013இல் வித்தியாசம் ஒரே ஓர் அடி. ஆனால் 2015இல் அவரைத் தோற்கடித்தது அவருடைய சொந்த 76. முதல் மூன்று தோல்விகளுக்கு வயதையோ மற்றவர்களையோ காரணம் சொல்லலாம். நான்காவதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. ஆட்டக்காரர்களை உள்ளுக்குள் அரிப்பது இந்த வகைத் தோல்விதான்.

அதே ஆண்டு லாஹிரியின் வாழ்க்கையிலும் ஒரு மேடும் ஒரு பள்ளமும் வந்தன.

ஆகஸ்டில் அமெரிக்காவின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் ஐந்தாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். உலகின் நான்கு மேஜர் போட்டிகளில் அதுவரை எந்த இந்தியரும் எட்டாத உயரம். அக்டோபரில் தென்கொரியாவின் இன்சியானில் பிரசிடென்ட்ஸ் கோப்பை. அமெரிக்காவுக்கு எதிரான சர்வதேச அணியில் இடம்பெற்ற முதல் இந்தியர். கடைசி நாள், கடைசிக் குழி. எதிரில் கிறிஸ் கிர்க். அவர் தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழிக்குள் போனது. லாஹிரியின் பந்து குழிக்கு மிக அருகில் கிடந்தது. உருட்டினார். விளிம்பில் தவறியது. அமெரிக்கா 15½–14½ என்ற கணக்கில் கோப்பையை வைத்துக்கொண்டது.

பிப்ரவரியில் சௌரசியாவுக்கு நடந்ததை அக்டோபரில் லாஹிரியும் அனுபவித்துவிட்டார். மறுமுறை டெல்லியில் சந்தித்தபோது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது என்றால் என்ன என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

* * *

2016 மார்ச் 20, ஞாயிறு

அதே டெல்லி கோல்ஃப் கிளப். அதே முள்மரங்கள். நடப்பு சாம்பியன் லாஹிரி. அவர் இப்போது அமெரிக்க டூரில் ஆடும் பெரிய ஆட்டக்காரர்.

மூன்று நாள் முடிவில் முன்னணியில் இருந்தவர் மீண்டும் சௌரசியா. துரத்துகிறவர்களில் மீண்டும் லாஹிரி. கூடவே கொரியாவின் இளைஞர் வாங் ஜங்-ஹுன்.

காட்சி மாறவில்லை. பாத்திரங்களும் மாறவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எல்லோர் மனத்திலும் ஓடியது அந்த 76தான்.

சௌரசியா அன்று ஆடியதை அலசினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முந்தைய ஆண்டைப்போல அவர் சரியவில்லை. பேரதிசயமாகவும் எதுவும் ஆடவில்லை. பாருக்கு ஓர் அடி குறைவாக, 71. பத்திரிகைகள் கொண்டாடும் எண் இல்லை அது. ஆனால் முன்னணியில் இருப்பவருக்குக் கடைசி நாளில் தேவையானது அந்த எண்தான். மற்றவர்கள் தன்னைத் தாண்ட வேண்டுமென்றால் அசாத்தியமாக ஆடித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் அவர்களை நிறுத்திவைத்தார்.

லாஹிரி முயன்றார். வாங்கும் முயன்றார். இருவராலும் நெருங்கத்தான் முடிந்தது.

பாதை தவறிய பந்துகளை அன்றும் அவர் சந்தித்தார். அப்போதெல்லாம் கைகொடுத்தது டாலிகஞ்சில் கற்ற பாடம். கிரீனுக்கு வெளியே புல்லில் பந்து கிடக்கிறது. குனிந்து புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். பந்து எங்கே விழுந்தால் எத்தனை அடி உருளும் என்று கண்ணால் அளக்கிறார். இரண்டு மூன்று முறை மட்டையைக் காற்றில் அசைக்கிறார். பிறகு ஒரு சிறு வீச்சு. பந்து எழுந்து, இறங்கி, உருண்டு, ஒரே உருட்டலில் முடியும் தூரத்தில் வந்து நிற்கிறது. போகியாக வேண்டியது பாராக முடிகிறது. பார்வையாளர்கள் கைதட்டும் பேர்டிகளைவிட, இப்படிக் காப்பாற்றிய பார்களே அவருக்குக் கோப்பையைப் பெற்றுத்தந்தன என்பது என் கணிப்பு.

18ஆவது குழியை முடித்தபோது மொத்தம் 273. பாருக்கு 15 அடிகள் குறைவு. லாஹிரியையும் வாங்கையும் இரண்டு அடிகளில் முந்தி, எஸ்.எஸ்.பி. சௌரசியா இந்தியன் ஓப்பன் சாம்பியன்.

1999இல் தொடங்கிய காத்திருப்பு 17 ஆண்டுகள் கழித்து முடிந்தது.

அந்த ஆகஸ்டில் இன்னொரு கதவும் திறந்தது. 1904க்குப் பிறகு 112 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக்கில் கோல்ஃப் திரும்பி வந்தது. ரியோவில் இந்திய ஆடவர் அணியில் இருந்தவர்கள் இருவர். லாஹிரியும் சௌரசியாவும். ராணுவப் புல்வெளி வாசலும் கொட்டகை வாசலும் ஒரே சீருடையில் சேர்ந்து நின்றன.

* * *

யார் வென்றது?

இந்த வெற்றியை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இது ஒரு மனிதரின் பொறுமையைப் பற்றிய கதை மட்டுமில்லை.

உதகையிலும் கொடைக்கானலிலும் கிண்டியிலும் நந்தனத்திலும் கோல்ஃப் மைதானங்கள் அமைக்கப்பட்டன. கொடைக்கானல் மைதானம் 1895இல் அமைந்தது, உதகையினுடையது அதற்கு மறு ஆண்டு. அங்கெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பை சுமந்தவர்களும் புல் வெட்டியவர்களும் நம்மவர்கள். அவர்களுடைய கையில் என்ன திறமை இருந்தது என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. கிடைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு இந்தியன் ஓப்பன் பட்டியலே சாட்சி. ஒரு மைதானத்தை உருவாக்குகிறவர்களுக்கும் அதில் ஆடுகிறவர்களுக்கும் நடுவே இருக்கும் கோட்டை அழித்துவிட்டால் சாம்பியன்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வருவார்கள்.

இருந்தாலும் அன்றைக்கே ஒரு சந்தேகக் குரலும் எழுந்தது. நியாயமான சந்தேகம்தான்.

சௌரசியாவின் பெரிய வெற்றிகளில் இரண்டு டெல்லி கோல்ஃப் கிளப்பில் கிடைத்தவை. நீள அடிக்காரர்களைக் கட்டிப்போடும் குறுகலான மைதானம் அது. வென்றது ஆட்டக்காரரா, மைதானமா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2017இல் இந்தியன் ஓப்பன் டெல்லி கோல்ஃப் கிளப்பை விட்டு குருகிராமுக்குப் போனது. அங்கே டி.எல்.எஃப். வளாகத்தில், ஒன்பது மேஜர் பட்டங்கள் வென்ற தென்னாப்பிரிக்கர் கேரி பிளேயர் வடிவமைத்த புது மைதானம். 2011இல் சௌரசியா அதே வளாகத்தில் வென்றவர்தான், ஆனால் அது பழைய மைதானம். புதியது நீளமானது. ஆள் உயர மணல் பள்ளங்கள். அலைபோல் மடிந்த கிரீன்கள். கடைசிக் குழிவரை பயமுறுத்தும் அமைப்பு. நீள அடிக்காரர்களே அங்கே திணறுவார்கள் என்று ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள்.

பரிசுத் தொகை 17.5 லட்சம் டாலராக உயர்ந்திருந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் பந்தை விண்ணுக்கு அனுப்பும் இளைஞர்கள் பலர் வந்திறங்கினார்கள். நடப்பு சாம்பியனுக்கு வயது 39ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

பழகிய முள்மரங்கள் இல்லை. கைக்கடக்கமான பாதைகள் இல்லை. குட்டை அடிக்காரருக்குச் சாதகமாக எதுவுமே இல்லாத அந்த மண்ணில், டாலிகஞ்சுப் புல் கற்றுக்கொடுத்த பாடம் மட்டும் ஒரு மனிதரைக் காப்பாற்றுமா?

*(அடுத்த வாரம்…)*